நகரும் கரை

மேட்டூர் அணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அணைக்குக் கீழே நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். தஞ்சாவூர் விவசாயிக்கு மேட்டூர் என்பது ஜூன் மாதம் 12-ஆம் தேதி. அன்று மதகு திறந்தால் குறுவை உண்டு, திறக்காவிட்டால் இல்லை. சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்களுக்கு அது ஒரு பூங்கா; பூங்காவுக்கு வெளியே பொரித்த மீன். பத்திரிகைக்காரர்களுக்கு அது ஓர் எண். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி என்று நாள் தவறாமல் அச்சாகிறது. ராசிபலனைப் போல அதையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

அணைக்கு மேலே என்ன இருக்கிறது? தண்ணீர் இருக்கிறது என்று பதில் வரும். அது சரியான பதில்தான். ஆனால் அந்தத் தண்ணீரின் விளிம்பில், மலைகளின் மடிப்பிலும் பாறைகளின் இடுக்கிலும் கூடாரமும் குடிசையும் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஏறினால் தாமும் ஏறி, தண்ணீர் இறங்கினால் தாமும் இறங்கி, மீன் பிடித்து ஜீவனம் செய்யும் ஒரு ஜனசமூகம் இருக்கிறது. அவர்களுடைய ஊர்களுக்கு ஊர் என்றுகூடப் பெயரில்லை. 'முகாம்' என்கிறார்கள். அடிப்பாலாற்று முகாம், செட்டிப்பட்டி முகாம், கோட்டையூர் முகாம், பண்ணவாடி முகாம், மூலக்காட்டு முகாம். பட்டாளத்துக்கு முகாம் உண்டு, சர்க்கஸுக்கு முகாம் உண்டு. அவை எல்லாம் நாலு நாளில் கலைந்துபோகும். தலைமுறை தலைமுறையாகக் கலையாத முகாம்கள் இவை. இவற்றின் சரித்திரத்தை யாரும் தனியே எழுதி வைக்கவில்லை. அணையின் சரித்திரத்தோடு சேர்த்துத்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

அணை கட்ட வேண்டும் என்ற எண்ணம் பழையது. கர்னல் எல்லிஸ் என்ற எஞ்சினீயர் 1910-இல் விரிவான திட்டம் ஒன்றைத் தயாரித்தார். அப்போது மைசூர் சமஸ்தானமும் கண்ணம்பாடியில் ஓர் அணைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. ஒரே ஆற்றில் இரண்டு அணை என்றால் வழக்கு வராமல் இருக்குமா? வந்தது. மத்தியஸ்தம், தீர்ப்பு, அப்பீல் என்று ஆண்டுகள் ஓடின. கடைசியில் 1924-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி சென்னை மாகாணமும் மைசூரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் காவிரியில் பெருவெள்ளம் வந்து கரையோர ஊர்களைச் சூறையாடியது. இவ்வளவு தண்ணீரையும் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கோடையில் வானத்தைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு அந்த வெள்ளமே பதில் சொல்லிவிட்டது.

1925-இல் வேலை தொடங்கிற்று. சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே காவிரி புகுந்து வரும் இடுக்கில் 5,300 அடி நீளம், 214 அடி உயரம் என்று கல்லும் காரையுமாக ஒரு சுவர் எழும்பியது. உபரித் தண்ணீர் போவதற்குப் பக்கத்தில் 16 கண் கொண்ட மதகு தனியாக அமைந்தது. அதற்கு எல்லிஸின் பெயரே நிலைத்துவிட்டது. ஒன்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் தேதி அணை திறக்கப்பட்டது. அப்போதைய கவர்னர் ஸ்டான்லி துரையின் பெயரை நீர்த்தேக்கத்துக்குச் சூட்டினார்கள். 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி.; அதாவது 9,347 கோடி கன அடித் தண்ணீர். அது பரவி நிற்கும் இடம் ஏறத்தாழ 59 சதுர மைல்.

இந்த எண்கள் எல்லாப் புத்தகத்திலும் கிடைக்கின்றன. அந்த 59 சதுர மைலில் முன்பு என்ன இருந்தது என்பதுதான் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. நாயம்பாடி இருந்தது, சாம்பள்ளி இருந்தது, பழைய பண்ணவாடி இருந்தது. வயல் இருந்தது, மேட்டுக்காடு இருந்தது, சந்தை கூடும் இடம் இருந்தது. ஜலகண்டேசுவரர் கோயில் ஒன்று இருந்தது. ஈசுவரனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் பின்னால் நடக்கப்போவதை எப்படி அறிந்தார்களோ, கழுத்தளவு ஜலம் அல்ல, தலைக்கு மேலும் ஜலம் வந்து நின்றுவிட்டது. கிறிஸ்தவர்களின் மாதா கோயில் ஒன்றும் உள்ளே போயிற்று. மழை பொய்த்து நீர்மட்டம் நன்றாகத் தாழ்ந்துவிட்ட ஆண்டுகளில், சேற்றுக்கு மேலே நந்தி தலையை நீட்டும். மாதா கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். உடனே பட்டணத்திலிருந்து கூட்டம் படம் பிடிக்க வந்துவிடும். நந்தியைப் பார்ப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்கரையில் குடியிருப்பவர்களுக்கு நந்தி வெளியே வந்தால் சோறு உள்ளே போகாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குடிபெயர்ந்தவர்களில் சிலர் கொளத்தூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குப் போனார்கள். சிலர் அணை வேலையிலேயே கூலிக்குச் சேர்ந்தார்கள். மேட்டூரில் 1936-இல் ரசாயனத் தொழிற்சாலை ஒன்று ஏற்பட்டது. 1937-இல் மின்சார நிலையம் ஓட ஆரம்பித்தது. அங்கே வேலைக்குப் போனவர்களும் உண்டு. மீதிப் பேர் தண்ணீரைவிட்டுத் தூரம் போக மனமில்லாமல் கரையோரத்திலேயே தங்கினார்கள். ஆற்றில் பரம்பரையாக மீன் பிடித்தவர்களும், ஏர் பிடித்த கையால் வலை பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களுமாகச் சேர்ந்துதான் இந்த முகாம்களின் ஜனங்கள் உண்டானார்கள்.

அணைக்கு முந்திய காவிரியின் மீனைப் பற்றி நமக்கு விவரம் சொன்னவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். பிரான்சிஸ் டே என்பவர் சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்தவர். நோயாளியின் நாடியைப் பிடித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் மீனைப் பிடித்து, அறுத்து, எழுதிவைத்தார். நன்னீர் மீன்களைப் பற்றி 1873-இல் அவர் சர்க்காருக்குக் கொடுத்த அறிக்கையும், அதன்பின் 1875-இலிருந்து 1878 வரையில் பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய நூலும் இன்றைக்கும் மீன் சாஸ்திரிகளுக்கு ஆதாரம். ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் மேலேறி முட்டையிடும் மீன்களின் கதி என்ன என்ற கேள்வியை அந்த நாளிலேயே அவர் கிளப்பினார். அணைகளில் மீன் ஏறிப்போக வழி வைக்க வேண்டும் என்றும் வாதாடினார்.

அவர் மனத்தில் இருந்த முக்கியமான மீன் உல்லம். வங்காளிகள் இதை இலிஷ் என்று சொல்லி உயிரை விடுவார்கள். உல்லம் கடல் மீன். ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்தகம் வரும் பெண்ணைப் போல, முட்டையிட ஆற்றுக்குத்தான் வரும். ஆற்றில் புதுவெள்ளம் புரண்டு கடலில் விழும் நாளில் அந்த வெள்ளத்தை எதிர்த்து ஏறும். கொள்ளிடத்தில் 1836-இல் காட்டன் துரை மேலணை கட்டியபோதே அதன் பாதையில் ஒரு படி விழுந்தது. கீழணையும் வந்தது. இருந்தும் வெள்ளம் பெருகித் தடுப்பின்மேல் வழியும் நாட்களில் உல்லம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. சென்னை மாகாணத்தில் மீன்துறை ஏற்பட்டது 1907-இல். அதற்கு மூலகாரணமாக இருந்த சர் பிரடெரிக் நிக்கல்சன் காலத்தில் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முயற்சிகூட நடந்தது. பிறகு மேட்டூர் வந்தது. 214 அடிச் சுவரை எந்த மீன் தாண்டும்? அணைக்குக் கீழேயும், எந்த வெள்ளம் உல்லத்தைக் கடலிலிருந்து அழைக்குமோ அந்த வெள்ளத்தை அணை பிடித்து வைத்துக்கொண்டது. காவிரி உல்லம் க்ஷீணித்ததற்கு மேட்டூர் அணையும் ஒரு காரணம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்னொரு மீன் மகசீர். கெண்டைக் குலத்தில் இதுதான் ராஜா. ஓடும் தண்ணீரும் பாறையும் மடுவும் இருந்தால்தான் அதற்கு வாழ்வு. 1946-இல் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழில் நடத்திய வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், காவிரியின் உபநதியான கபினியில் தூண்டில் போட்டு 120 பவுண்டு எடையுள்ள மகசீரைப் பிடித்தார். ஒரு மனிதனின் எடை!  காவிரியில் மட்டுமே உள்ள, முதுகில் திமில் போல் உயர்ந்த மகசீருக்குச் சரியான சாஸ்திரப் பெயர் எது என்பது 2018-இல்தான் தீர்ந்தது. பெயர் கிடைத்த அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலும் அதற்கு இடம் கிடைத்தது. நாமகரணமும் மரண வாக்குமூலமும் ஒரே நாளில் நடந்த மாதிரிதான்.

ஓடுகிற ஆறு நின்ற நீராக மாறியபோது, பழைய குடிகளில் சில குறைந்தன. புதுக் குடிகள் வந்தன. அணை மீன் என்று நாம் இன்றைக்குச் சாப்பிடுவதில் பெரும்பாலானவை வெளியூர் மீன்கள். கட்லாவைக் கோதாவரியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பெரிய தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைத் தின்று மளமளவென்று வளரும். மேட்டூரின் அகண்ட நீர்ப்பரப்பு அதற்கு மாமியார் வீட்டு விருந்து போல ஆகிவிட்டது. வெள்ளக் காலத்தில் மேலே ஒகேனக்கல் பக்கத்து ஓட்டத்துக்குப் போய் முட்டையிட்டு வம்சத்தையும் பெருக்கிக்கொண்டது. ரோகுவும் மிர்காலும் வடக்கேயிருந்து வந்தன.

இந்த மீன்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குளத்தில் எத்தனை கொழுத்தாலும் அங்கே முட்டையிட மாட்டா. ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் இடும். ஆகையால் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளத்தில் இறங்கி வலைபோட்டு அரித்து, அதில் நல்லதும் கெட்டதும் கலந்து வருவதைப் பொறுக்கி எடுத்து, பானையில் வைத்து ரயிலேற்ற வேண்டும். ஹீராலால் சௌதரி என்ற விஞ்ஞானி 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஒரிசாவில் இந்தப் பிடிவாதத்தை வென்றார். ஒரு மீனின் மூளைக்கடியில் இருக்கும் சுரப்பியை எடுத்து அதன் சாரத்தை மற்றொரு மீனுக்கு ஊசிமூலம் ஏற்றினார். ஆற்றையே காணாத மீன் முட்டையிட்டது. அந்த நாளை இப்போது மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம்முடைய நீர்த்தேக்கங்களில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் குஞ்சு விடுகிறார்கள் என்றால் அதற்கு வேர் அந்த ஊசியில் இருக்கிறது.

ஊசியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம் என்று ஒரு மீன் 1952-இல் நம் நாட்டுக்குள் நுழைந்தது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலேப்பியா. நம் ஜனங்கள் அந்தப் பெயரைச் சுருட்டி ஜிலேபி ஆக்கிவிட்டார்கள். தாய் மீன் முட்டையை வாயில் அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து என்றால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். இப்படி ஒரு தாய் இருந்தால் குடும்பம் பெருகாமல் என்ன செய்யும்? மேட்டூரில் இன்று ஏழைக்கு எட்டும் மீன் ஜிலேபிதான். முகாமில் அடுப்பில் கொதிப்பதும் பெரும்பாலும் அதுதான். கட்லா விலைக்குப் போய்விடும்.

கோட்டையூர்த் துறைக்கு அப்பால் உள்ள ஒரு முகாமில் ஓர் இரவு தங்கினேன். மேலே தார்ப்பாய், சுற்றிலும் ஓலைத் தட்டி, நடுவே மூன்று கல் அடுப்பு. தட்டிக்கு வெளியே கவிழ்த்து வைத்த பரிசல்கள், ராட்சஸ ஆமைகள் கரையேறிப் படுத்திருப்பது போல் இருந்தன. முன்பு மூங்கில் கூட்டின்மேல் மாட்டுத்தோலைப் போர்த்திப் பரிசல் செய்வார்கள். பிறகு சாக்கும் தாரும் வந்தன. இப்போது பைபர் கண்ணாடி. வலையும் அப்படித்தான். பருத்தி நூல் வலையைத் தினமும் உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். நைலான் வந்தது, அதன்பின் தங்கூசி வலை வந்தது. தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குத் தெரியாத வலை. மாலை வெயில் சாயும்போது பரிசலில் போய் வலையை விரித்துவிட்டு வருகிறார்கள். விடிவதற்கு முன் போய் எடுக்கிறார்கள். நடுவிலே உள்ள இரவு முழுவதும் வலை வேலை செய்கிறது, மனிதர் காத்திருக்கிறார்கள். காற்று எழும்பினால் தூக்கம் போய்விடும். 59 சதுர மைல் தண்ணீரில் அலை எழுந்தால் அது ஏரி அல்ல, கடல். பரிசல் என்பது துடுப்பு உள்ள கூடை, அவ்வளவுதான்.

அந்த முகாமின் பெரியவரிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"இதுதானுங்க" என்றார்.

"இதற்கு முன்னால்?"

"போன மாசம் தண்ணி அதோ அந்தப் பாறை வரைக்கும் இருந்துதுங்க. அப்போ அங்கே இருந்தோம்" என்று மேட்டைக் காட்டினார்.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார். அவர்களுக்கு ஊரென்பது தண்ணீரின் விளிம்பு. அது நகர்ந்தால் ஊரும் நகரும். சரிவான கரையில் நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் விளிம்பு எவ்வளவோ தூரம் உள்ளே போய்விடும். அதற்கப்புறம் வலையையும் மீன் கூடையையும் சேற்றில் தூக்கிச் சுமந்து நடப்பதைவிட அடுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவது சுலபம்.

பெரியவரின் மனைவி மீனை வகிர்ந்து உப்பிட்டுக்கொண்டிருந்தாள். விற்காத மீனைக் கருவாடாக்குவது பெண்களின் வேலை. கிழிந்த வலையைப் பின்னுவதும் பெண்களின் வேலை. கத்தியை நிறுத்தாமலே அந்த அம்மாள் சொன்னாள்: "எங்க மாமனாரோட அப்பாவுக்குக் காடு இருந்துதுங்க. இதுக்குள்ளேதான் இருக்குது. இப்போ அதுக்குப் பட்டா மீன்கிட்டே இருக்குதுங்க."

காடு என்று அவள் சொன்னது வனத்தையல்ல. கொங்குப் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். நீர்மட்டம் தாழும் மாதங்களில் அந்தக் காடு வெளியே வருகிறது. வண்டல் படிந்த ஈரமண், எருவே வேண்டாம். நிலக்கடலையும் எள்ளும் சோளமும் ராகியும் விதைக்கிறார்கள். மேலே மழை பெய்து தண்ணீர் மறுபடியும் ஏறுவதற்குள் அறுத்துவிட்டால் லாபம். முந்திக்கொண்டு தண்ணீர் வந்தால் கதிரோடு போய்விடும். தாத்தாவின் நிலத்தில் பேரன் திருடனைப் போலப் பயிரிட்டு அவசரமாக அறுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. அந்த நிலம் இப்போது சர்க்காருடையது. சட்டப்படி அது நீர்ப்பரப்பு.

மீனுக்கும் சட்டம் உண்டு. மீன்துறையில் உரிமம் பெற்றவர்தான் வலை போடலாம். வலையின் கண் மிகச் சிறிதாக இருக்கக் கூடாது. குஞ்சு தப்பிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். வயிறு அதைவிடச் சிறிய கண் உள்ள வலை என்பதுதான் சங்கடம். வெடி போட்டு மீன் பிடிக்கும் பாதகமும் காவிரியில் நடந்திருக்கிறது. ஒரு வெடிக்கு ஒரு மடுவே காலி. பிடிபடுவது கொஞ்சம், செத்து அடியில் தங்குவது அதிகம். சில சமயம் போட்டவனின் கையும் போய்விடும்.

இதே ஆற்றில் மேலே, கர்நாடக எல்லைக்குள், வேறொரு வகை முகாம்கள் இருந்தன. பீமேசுவரி, கலிபோரே, தொட்டமாக்களி என்ற இடங்களில் மகசீருக்குத் தூண்டில் போடும் சீமான்களுக்காகக் கூடாரம் அடித்து வைத்திருந்தார்கள். இந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு பரம்பரை உண்டு. சென்னை சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இலேயே இந்தியாவில் தூண்டில் போடும் கலையைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் போனார்கள். மகசீரும் போய்விட்டது என்று நினைத்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த சிலர் காவிரியில் மறுபடியும் பெரிய பெரிய மகசீரைப் பிடித்துக் காட்டவே, உலகமெங்குமிருந்து தூண்டில் பிரியர்கள் வரத் தொடங்கினார்கள். பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, மறுபடியும் ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. திருட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் சிலருக்கே வழிகாட்டி வேலை கொடுத்தார்கள். சம்பளம் கிடைத்ததும் அவர்கள் மீனுக்குக் காவல்காரர் ஆனார்கள். 2010-க்குப் பிறகு, சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி அதை நிறுத்திவிட்டார்கள். காவல் போனது நல்லதா, தூண்டில் போனது நல்லதா என்ற விவாதம் ஓயவில்லை.

இரண்டு முகாம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மேலே இருந்த முகாமில் மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவது தர்மம். கீழே இருக்கும் முகாமில் பிடித்ததை விட்டுவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மேலே இருந்தவர்கள் புத்தகம் எழுதினார்கள். எத்தனை பவுண்டு, எந்த மடு, எந்தத் தேதி என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. கீழே இருப்பவர்கள் அதைப் போல ஆயிரம் மடங்கு மீனைப் பிடித்து, ஊருக்கெல்லாம் சோறு போட்டு, ஒரு வரிகூட எழுதாமல் இருக்கிறார்கள்.

அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததெல்லாம் பெரும்பாலும் கெட்ட காரணத்துக்காக வந்ததுதான். நீர்த்தேக்கத்தின் மேல்கோடியில் பாலாறு வந்து சேரும் பகுதிதான் வீரப்பன் நடமாடிய காடு. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி பாலாற்றுப் பக்கம் கண்ணிவெடி வெடித்து 22 பேர் மாண்டார்கள். அதன்பின் அந்தக் கரையில் இரவில் தீ மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் யார் என்ற கேள்வி எழுந்தது. மீன்காரனுக்கோ தீ மூட்டாமல் இரவு கழியாது. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டு, மூலக்காட்டில், இந்த நீர்த்தேக்கத்தின் கரையிலேயே புதைக்கப்பட்டான். இரு மாநிலங்களின் எல்லை தண்ணீருக்கு நடுவிலும் காட்டுக்கு நடுவிலும் ஓடுகிற இடம் அது. வலை மிதந்து போகும்போது எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்டு போகிறதா?

இனி, நந்தி வெளியே வந்தால் சோறு உள்ளே போகாது என்றேனே, அதற்கு வருகிறேன். 2017-ஆம் ஆண்டு கோடையில் நீர்மட்டம் 20 அடியை ஒட்டி இறங்கிவிட்டது. தண்ணீர் குறையத் தொடங்கும்போது முதலில் மீன் நிறையக் கிடைக்கும். அகலப் பாத்திரத்தில் இருந்ததைக் குறுகிய பாத்திரத்தில் ஊற்றிய மாதிரி எல்லாம் ஓரிடத்தில் சேரும். விலை விழுந்துவிடும். பிறகு தண்ணீர் சூடேறும், சேறாகும். மீன் செத்து மிதக்கும். அப்புறம் பிடிக்க ஒன்றும் இருக்காது. பரிசலைக் கவிழ்த்துவிட்டுத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ கூலிவேலைக்குப் போக வேண்டியதுதான். மறுவருஷம், 2018 ஜூலையில், அணை 120 அடி நிரம்பிற்று. தண்ணீர் வந்த உடனே மீன் வந்துவிடுமா? குஞ்சு விட்டு, அது வளர்ந்து, வலையில் தங்கும் அளவுக்கு ஆக வேண்டும். டெல்டாவில் தண்ணீர் வந்த அன்றே நாற்று விடலாம். மேல்கரையில் தண்ணீர் வந்த பிறகும் பஞ்சம் நீடிக்கும்.

காவிரி வழக்கு நமக்கெல்லாம் மனப்பாடம். நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 1991-இல். இறுதித் தீர்ப்பு 2007-இல். சுப்ரீம் கோர்ட்டின் முடிவு 2018 பிப்ரவரியில். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீரைப் பிலிகுண்டுலுவில் அளந்து தமிழ்நாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது முடிவு. ஏக்கர் கணக்கு அதில் உண்டு. குடிதண்ணீர்க் கணக்கு உண்டு. சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியதும் உண்டு. மீன் பிடித்துப் பிழைப்பவனுக்கு என்று ஒரு பத்தி கிடையாது. அவன் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதுமில்லை, வயலில் பாய்ச்சுவதுமில்லை. தண்ணீர் இருந்தால் போதும் என்கிறான். செலவழிக்காதவனுக்குப் பங்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

டெல்டாவுக்குத் தண்ணீர் போகக் கூடாது என்று மேல்கரைக்காரர் யாரும் சொல்வதில்லை. நான் கேட்டபோது அந்தப் பெரியவர், "அவங்க நெல்லு விளைஞ்சாத்தானுங்களே நமக்கு அரிசி" என்றார். அவர் கேட்பது சிறிய காரியங்கள். அணை வற்றும் மாதங்களில் கடல் மீனவர்களுக்குத் தடைக்காலத்தில் கொடுப்பது போல ஏதாவது உதவி. தண்ணீர் ஏறிய உடனே தாமதமில்லாமல் குஞ்சு விடுவது. பிள்ளைகள் படிக்க, முகாம் நகர்ந்தாலும் நகராத ஒரு பள்ளிக்கூட வசதி. முதல் இரண்டும் சர்க்காருக்குப் பெரிய செலவு இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். பேரன் மேட்டூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறானாம். லீவுக்கு வந்தால் பரிசல் தள்ளுகிறான். ஆனால் வலை பின்னத் தெரியாது என்றார். சொல்லும்போது வருத்தமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

அந்தப் பேரனின் தலைமுறையோடு சில விஷயங்கள் மறைந்துவிடும். முழுகிப்போன ஊர்களின் பெயரும், எந்த ஊர் எந்தத் துறைக்கு நேரே கிடக்கிறது என்ற குறிப்பும், காட்டுக்குக் காடு இருந்த எல்லை மரங்களும் இன்னும் சில கிழவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்கள் கண்ணால் கண்டதல்ல. தகப்பன் சொல்லக் கேட்டது. வலையைப் போடும்போது, "இது சந்தைப்பேட்டை, அது கோயில் வீதி" என்று அடியில் இருப்பதைச் சொல்லித்தான் இடம் குறிக்கிறார்கள். கோயில் வீதியில் வாளை கிடைக்கும், சந்தைப்பேட்டையில் கெளுத்தி கிடைக்கும். பழைய ஊரின் படம் இப்படி மீன் பிடிக்கும் படமாக அவர்களிடம் தங்கியிருக்கிறது. சர்வே இலாகாவிடம் இருக்கும் படத்தில் அந்த இடமெல்லாம் வெறும் நீலம்.

சரித்திர ஆராய்ச்சி செய்யும் வாலிபர்கள் நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். கல்வெட்டைத் தேடிக்கொண்டு மலை ஏறுகிறார்கள், நல்ல காரியம். அவர்களில் இரண்டு பேர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பண்ணவாடியில் பரிசல் ஏறி, முகாம் முகாமாகப் போய், அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தால் போதும். கல்வெட்டு காத்திருக்கும். அந்தக் கிழவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்?